சாட்ஸ்வொர்த்தின் பின்கட்டுகள்

வீட்டை விற்றுவிடலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் கொழுந்தனாருக்கு அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. என் கணவருக்கோ உம்லாங்கா பக்கம், வாசலில் காவலாளி நிற்கும் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்க வேண்டும் என்று நினைப்பு. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் யாரும் இப்போது சாட்ஸ்வொர்த்தில் தங்குவதில்லை. ஆனாலும் எனக்கு விற்க மனம் வரவில்லை. பழைய வீட்டின் மேல் உள்ள பாசம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இந்த வீடும், கொல்லையில் தனியாகக் கட்டிய இதன் பின்கட்டும் இன்றைக்கு யார் யாருக்கு நிழல் கொடுக்கின்றன என்பது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குத் தென்மேற்கே, மேடும் பள்ளமுமான நிலத்தில் இருக்கிறது சாட்ஸ்வொர்த். ஊரே நகராட்சி போட்ட ஊர். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து முதல் இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை இப்படி 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கியவர்களில் பலர் டர்பனைச் சுற்றி நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். கேட்டோ மேனர் அப்படி வளர்ந்த இடம். 1950இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கம் வரைபடத்தில் கோடு போட்டது. 1958இல் டர்பனுக்கான அறிவிப்பு வந்தபோது கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி ஆகிவிட்டது. அங்கிருந்தும் வேறு பகுதிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்ட இந்தியர்களுக்காகக் கட்டியதுதான் சாட்ஸ்வொர்த். 1964இல் முறைப்படி திறந்தார்கள். ஒரு பக்கம் வெள்ளையர் பகுதிகள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கர்களுக்கான உம்லாசி, நடுவில் நாங்கள். எங்களை நடுவில் தடுப்பாக வைக்கிறோம் என்பது இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் மாமியாருக்கு அப்போது பதினான்கு வயது. அவருடைய அப்பா கேட்டோ மேனரில் வெண்டையும் கத்தரியும் கொத்தமல்லியும் போட்டவர். விடியும் முன் மூட்டை கட்டி வார்விக் பக்கம் இருக்கும் விடிகாலைச் சந்தைக்கு எடுத்துப்போவார். மரமும் தகரமும் வைத்துக் கட்டிய வீடு. தாத்தா, பாட்டி, மூன்று மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே உலை. நகராட்சி வீட்டில் இரண்டே படுக்கையறை. ஒரு குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்பது அவர்கள் கணக்கு. அதனால் மூன்று மகன்களுக்கும் மூன்று யூனிட்டில், அதாவது ஊரின் மூன்று வேறு பகுதிகளில், மூன்று வீடு விழுந்தது. பெரியப்பா வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

"நெலம் போனது கூட போவட்டும் கண்ணு. உலை மூணாச்சு பாரு, அதுலதான் எங்க ஆயா படுத்துட்டாங்க" என்பார் அத்தை. இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மனசு கனத்துப் போகும். நான் குடியாத்தத்துக்காரி. இந்த வடாற்காட்டுப் பேச்சு என் சொந்தப் பாட்டியின் வாயில் கேட்டது. அதை ஆப்பிரிக்காவில் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்க்காத ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் இந்த வீட்டில் மருமகளாக வளர்ந்தேன்.

அத்தை கல்யாணமாகி வந்த வீடுதான் நாங்கள் இப்போது இருக்கும் வீடு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, நடுவில் ஒரு பொதுச்சுவர். அவர் வந்தபோது கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் தகடு. உள்கூரை கிடையாது. சுவருக்குப் பூச்சு கிடையாது. சிமென்ட் தரை, பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று. வெயில் காலத்தில் மத்தியானம் வீட்டுக்குள் இருக்க முடியாது என்பார். இன்றைக்கு உள்கூரை இருக்கிறது, கீசர் இருக்கிறது, முன்னால் ஒரு வராந்தா இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் தலைக்கு மேலே அப்படியே இருக்கிறது. 2008இல் இந்த நாடு ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே போட்டதை எடுப்பதற்குச் செலவு அதிகம். அதனால் ஆணி அடிக்காமல், தேய்த்துக் கழுவாமல், வெடிப்பு விட்டால் வர்ணம் அடித்து மூடிக் காப்பாற்றி வருகிறோம். எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

அந்தப் பொதுச்சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறையும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் சமையலறையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன. முன்பு தொலைபேசி அவர்கள் வீட்டில்தான் இருந்ததாம். எங்களுக்கு அழைப்பு வந்தால் பூரிக்கட்டையால் சுவரில் தட்டுவார்கள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். இப்போது ஆளுக்கொரு கைபேசி. ஆனால் தட்டுவது நிற்கவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் உலை வைத்ததும் ஒரு தட்டு, கூழ் இறக்கியதும் ஒரு தட்டு. ஆன்ட்டி சிரிங்கா மரத்து இலையைக் கொத்தாக ஒடித்து எடுத்து வருவார். இங்கே வேப்பமரம் கிடைப்பது அரிது. நேட்டால் தமிழர்கள் பல தலைமுறையாக அம்மனுக்குச் சிரிங்கா இலையைத்தான் கட்டுகிறார்கள். சுவரின் அந்த ஒரு இடத்தில் வர்ணம் எப்போதும் பெயர்ந்தே இருக்கும். யாரும் பூச மாட்டார்கள்.

வீட்டை வளர்த்ததெல்லாம் சனி, ஞாயிறுகளில்தான். மாமனார் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கொத்து வேலை தெரிந்த ஒருவர், மரவேலை தெரிந்த ஒருவர், மின்சாரம் தெரிந்த ஒருவர் என்று தெருவே கூடிச் செய்தது. இந்த வாரம் உங்கள் வீட்டு வராந்தா, அடுத்த வாரம் எங்கள் வீட்டுச் சமையலறை. கூலி கிடையாது. மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பும் பீன்ஸ் கறியும் போட வேண்டும், அவ்வளவுதான். கொல்லையில் எழும்பிய பின்கட்டும் அப்படித்தான் வந்தது. அதை இங்கே எல்லோரும் அவுட்பில்டிங் என்பார்கள். முதல் மகனுக்குக் கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் போக வேண்டாம், பின்னாலேயே இருக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். நகராட்சி பிரித்து வைத்த உலையை மறுபடி ஒன்றாக்கப் பார்த்தார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இரண்டு அறை, ஒரு குளியலறை, ஒரு சின்ன அடுப்படி. சாட்ஸ்வொர்த்தில் தெருவுக்குத் தெரு இப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

கணவரின் அக்கா இங்கிலாந்தில் செவிலியர். கிழக்கு லண்டனில் டாகனம் பக்கம், பெக்கன்ட்ரீ என்ற நகராட்சிக் குடியிருப்பில் இருக்கிறார். முதல் தடவை வாட்ஸ்ஆப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது அத்தை சிரித்துவிட்டார். "நம்ம வூட்டையே அங்க தூக்கினு போயிட்டியாடி?" ஒட்டிக் கட்டிய வீடு, முன்னால் சின்னத் தோட்டம், வளைந்து போகும் தெரு, நீண்ட வரிசை. 1919இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டுவசதிச் சட்டம் போட்டு, நகராட்சிகள் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட அரசாங்கம் பணம் கொடுத்தது. லண்டன் நகரசபை 1921இல் பெக்கன்ட்ரீயைக் கட்ட ஆரம்பித்து 1935இல் முடித்தது. ஏறக்குறைய 26,000 வீடுகள். கிழக்கு லண்டனின் நெரிசலான சேரிகளில் இருந்தவர்களுக்குக் குளியலறையும் தோட்டமும் உள்ள வீடு கிடைத்தது. அதோடு ஒரு கையேடும் கொடுத்தார்களாம். வேலிச்செடியை ஒழுங்காக வெட்ட வேண்டும், ஜன்னலைத் துடைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். நல்ல தோட்டத்துக்குப் பரிசும் உண்டு.

இரண்டு ஊரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. அங்கேயும் அதிகாரிகள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தார்கள், அங்கேயும் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆனால் அந்த வீட்டுக்குள் போனவர்கள் முன்பிருந்ததைவிட நன்றாக வாழட்டும் என்று கட்டியது அது. இங்கே கேட்டோ மேனரில் கொல்லையும் மாமரமும் வைத்திருந்தவர்களை எடுத்து ஒரு இடத்தில் வைப்பதற்காகக் கட்டியது. ஆட்களை வெளியேற்றிய நிலத்தில் உடனே எதையாவது கட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. பல வருடங்கள் புல் முளைத்துக் கிடந்தது. பெல்லேர் சாலையில் இருக்கும் அம்பலவாணர் ஆலயம் தப்பித்தது. 1905 வெள்ளத்தில் போன பழைய உம்பிலோ கோயிலின் வழி வந்தது அது. 1980இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். கோயிலை வைத்துக்கொண்டார்கள், கும்பிட்டவர்களைத்தான் அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் வந்தது விற்பனைக் காலம். இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில், நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கலாம் என்று தாட்சர் அரசாங்கம் உரிமை கொடுத்தது. தள்ளுபடி பாதி விலை வரைக்கும் போனது. மூன்றே வருடத்தில், 1983இல், தென்னாப்பிரிக்க அரசாங்கமும் ஐந்து லட்சம் அரசு வாடகை வீடுகளை விற்கப்போவதாக அறிவித்தது. 1990களில் 7,500 ரான்ட் வரை தள்ளுபடி கொடுக்கும் திட்டம் வந்தது. பழைய வாடகை வீடுகள் பல இப்படிக் குடியிருந்தவர்கள் பெயருக்கு மாறின. எங்கள் வீட்டுப் பத்திரமும் அப்படி வந்ததுதான். மாமனார் அதைச் சாமி அறையில் காமாட்சி விளக்குக்குப் பின்னால் வைத்து, அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்யச் சொன்னாராம். முப்பது வருஷம் வாடகை கட்டியவருக்கு அது பெரிய நாள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அக்கா ஒன்று சொன்னார். பெக்கன்ட்ரீயில் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு, நகராட்சியிடம் இருந்து ஒருவர் வாங்கி, அவர் இன்னொருவருக்கு விற்று, இப்போது ஒரு தனியாரிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று அங்கே வாடகைக்கு இருக்கிறது. அதே சுவர், அதே தோட்டம். பக்கத்தில் இன்னும் நகராட்சி வீடாகவே இருப்பதற்குக் கட்டும் வாடகையைவிட இவர்கள் கட்டுவது மிக அதிகம். இங்கிலாந்தில் மட்டும் இருபது லட்சம் அளவுக்கு வீடுகள் இப்படி விற்றுப்போயின. விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. வாங்கியவர் நன்றாக இருந்தார். அடுத்து வந்தவருக்கு வீடு இல்லை. 2024 நவம்பரில்தான் அங்கே தள்ளுபடியைப் பெரிதாகக் குறைத்தார்கள்.

சாட்ஸ்வொர்த்தில் அடுத்து வந்தவருக்கு வீடு கொடுத்தது யார்? பின்கட்டுகள்தான். இதை யாரும் எழுதிப் பார்த்ததாக எனக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். 1990களில் இறக்குமதி வரி குறைந்து துணித் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. மாமனாருக்கும் வேலை போனது. மகன்கள் வெளியூர் போனார்கள். பின்கட்டு காலியானது. அதை வாடகைக்கு விட்டுத்தான் அந்த வருடங்களில் அடுப்பு எரிந்தது என்று அத்தை சொல்வார். தெரு முழுக்க இதே கதைதான். முதலில் சொந்தக்காரர்கள், அப்புறம் தெரிந்தவர்கள், அப்புறம் யார் வேண்டுமானாலும். இன்றைக்கு எங்கள் தெருப் பின்கட்டுகளில் மலாவியில் இருந்து வந்த தையற்காரர், பாகிஸ்தானில் இருந்து வந்த கடைப் பையன்கள், கல்லூரிப் பிள்ளைகள், உம்லாசியில் பிறந்த ஜூலு குடும்பங்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சட்டம் கோடு போட்டுப் பிரித்தவர்கள் ஒரே கொல்லையில் துணி காயப்போடுகிறார்கள். பாட்டில்பிரஷ் மேட்டில் தகரக் கொட்டகைகளில் இருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் ஒரு கல்சுவர் அறைக்கும் நடுவில் இருக்கும் படி இந்தப் பின்கட்டுதான். அரசாங்கம் 1994க்குப் பிறகு லட்சக்கணக்கில் இலவச வீடுகள் கட்டியது உண்மை. வெல்பெடாக்ட் பக்கம் போனால் பார்க்கலாம். ஆனால் காத்திருப்போர் வரிசை தீரவில்லை.

எங்கள் பின்கட்டில் ஒரு ஜூலு செவிலியரும் அவருடைய மகளும் இருக்கிறார்கள். அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வார இறுதியில் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு அந்தக் குழந்தையும் வரும். 'அம்மா இங்கே வா வா' பாடும்போது அதன் குரல்தான் முன்னால் கேட்கும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் பகுதியிலும் தெருமுனைகளில் டயரும் மரக்கிளையும் போட்டு அடைத்து, ஆண்கள் காவல் நின்றார்கள். பயம் நிஜமானது. கடைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் டர்பனுக்கு வடக்கே இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் அந்த மாதிரித் தடுப்புகளைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். எங்கள் சிஸ்டருக்கு இரவு வேலை. போகாமல் இருக்க முடியாது. எழுபது தாண்டிய அத்தை சேலைக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தடுப்பு வரைக்கும் நடந்தார். என் கணவர் காரை மெதுவாகப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார். அங்கே நின்றவர்கள் எல்லாம் அத்தை மடியில் வளர்ந்த பிள்ளைகள். "இது நம்ம வூட்டுப் பொண்ணு. தினம் இந்த நேரத்துக்குப் போவா, காலையில வருவா. மொகத்தைப் பார்த்துக்கோங்க" என்றார். எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். காலையில் சிஸ்டர் வரும் வரைக்கும் வீட்டில் யாரும் படுக்கவில்லை.

பின்கட்டுகளைப் பற்றி நல்லது மட்டும் சொன்னால் போதாது. 2022 ஏப்ரல் மழையில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாட்ஸ்வொர்த் மலைச்சரிவு ஊர். சரிவை வெட்டிச் சமன்படுத்தி, வரைபட அனுமதி இல்லாமல், மழைநீர் போக வழியில்லாமல் கட்டிய அறைகள் பல இருக்கின்றன. எங்கள் கொல்லையிலும் மண் சரிந்து பின்கட்டின் சுவர் வரை வந்து நின்றது. அன்றிலிருந்து எனக்கு இதில் ஒரு பிடிவாதம். கட்டிய அறைகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதும் தவறு, இடி என்று சொல்வதும் தவறு. ஒரு பொறியாளரை அனுப்பி, தாங்குசுவர் எங்கே வேண்டும், வடிகால் எங்கே வேண்டும் என்று சொல்லி, வரைபடத்தை ஏற்றுக்கொண்டால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

இன்னொன்று, அடுக்குமாடிகள். பேவியூவிலும் வெஸ்ட்கிளிஃபிலும் இருக்கும் அந்த வரிசை வீடுகளில் கொல்லை கிடையாது, பின்கட்டுக்கு இடம் கிடையாது. வேலை போனபோது அவர்களுக்கு வாடகைக்கு விட எதுவும் இல்லை. பாக்கி ஏறியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி வீட்டைக் காலி செய்ய வைக்க வந்தபோது பெண்கள்தான் மாடிப்படிகளை மறித்து நின்றார்கள். தேர்தல் பிரசாரத்துக்கு வந்த, நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஃபாத்திமா மீர் அவர்கள் நிலையைப் பார்த்துவிட்டு அவர்கள் பக்கமே நின்றுவிட்டார். எங்களுக்குப் பத்திரம் வந்ததையும் அவர்களுக்குக் காவலர்கள் வந்ததையும் நான் ஒன்றாகத்தான் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நகராட்சி கட்டிய வீடுகள். ஒரே லாரியில் சாமான் ஏற்றி வந்த குடும்பங்கள்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கணவரிடம் நான் சொல்லியிருப்பது இதுதான். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சிஸ்டரைக் கேட்போம். அவருக்கு இந்த வீட்டை வாங்க ஆசை இருக்கிறது, வங்கிக் கடன் கட்டும் சம்பளமும் இருக்கிறது. ஆனால் பின்கட்டுக்கு அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். அதனால் வரைபடக்காரரை வரவழைத்து அளவெடுத்தாயிற்று. சுவர், வடிகால், தாங்குசுவர் எல்லாம் போட்டு வரைபடத் தாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் தன் பின்கட்டுக்கு அதே வரைபடக்காரரைப் பேசியிருக்கிறார். இரண்டு வீட்டுத் தண்ணீரும் ஒரே வடிகாலில் இறங்குவதால் சேர்த்துச் செய்தால் செலவு குறையும் என்றார்.